கேத்திலின் அடியில் இருந்த விடை

பட்டணத்துக் கடையில் அந்த மீனை வாங்கிய அன்றே அதன் வாயோரம் வெள்ளையாக ஏதோ இருந்தது. கண்டேன். கண்டும் வாங்கினேன். “பையுக்குள் நெருக்கத்தில் உரசியிருக்கும் அண்ணை, இரண்டு நாளில் மாறிவிடும்” என்றார் கடைக்காரத் தம்பி. மகள் ஒரு பக்கம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்தின் கொக்குவிலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்க விட்டேன். பிறகு மீனையும் பைத் தண்ணீரையும் சேர்த்தே கவிழ்த்தேன். பதினைந்து வருடமாக மீன் வளர்க்கிறேன் என்று ஊருக்குச் சொல்லித் திரிகிறவன் செய்த வேலை இது.

2024 நவம்பர் முதல் வாரம். மூன்று அடித் தொட்டி, ஏறக்குறைய 100 லீற்றர் தண்ணீர். ஏற்கெனவே அதில் மூன்று பொன்மீன்கள் இருந்தன. தலையில் சிவப்புக் குல்லாய் வைத்ததுபோல் இருக்கும் ஒறண்டா வகை மீனுக்கு மகள் தொப்பியன் என்று பெயர் வைத்திருந்தாள். மற்றவை வெள்ளைச்சியும் கறுப்பனும். புதிதாக வந்தது பெயர் வைக்கும் வரைகூட இருக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் வடிகட்டிக்குப் பின்னால் செத்துக் கிடந்தது. வாய் முழுவதும் வெள்ளை.

கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். “பங்கசு”, அதாவது பூஞ்சை, என்றார்கள். நீலத் திரவம் ஒன்றைக் கொண்டுவந்து ஊற்றினேன். தொட்டியின் சிலிக்கன் ஓரங்கள் இன்றைக்கும் நீலமாகத்தான் இருக்கின்றன. அதைத் தவிர அந்த மருந்தால் வேறொன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் வெள்ளைச்சியும் போய்விட்டாள்.

அன்று பின்னேரம் தொப்பியனை உற்றுப் பார்த்தபோது முதுகுச் செட்டைக்குக் கீழே, இரண்டு பக்கமும், குதிரைச் சேணம் விரித்ததுபோல் சாம்பல் வெள்ளைப் படலம் ஒன்று தெரிந்தது. விளிம்பில் மெல்லிய மஞ்சள். பங்கசு என்றால் பஞ்சு நூலைப்போல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், தண்ணீர் அசையும்போது அதுவும் அசையும். இது அசையவில்லை. தோலோடு ஒட்டி, சாம்பலைத் தடவியதுபோல் தட்டையாகக் கிடந்தது. இந்த வித்தியாசம் அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தால் வெள்ளைச்சி இருந்திருப்பாள்.

பக்கத்து வீட்டு அண்ணை கோழி வளர்க்கிறவர். “எங்கள் கோழிகளுக்குக் கொடுக்கிற தூள் கிடக்கிறது, கொஞ்சம் போட்டுப் பாரும்” என்று மஞ்சள் தூள் பைக்கற்றை மதிலுக்கு மேலால் நீட்டினார். ஒக்ஸிடெட்ராசைக்ளின். அன்டிபயோட்டிக் என்றதும் எனக்குப் புது நம்பிக்கை பிறந்துவிட்டது. பெரிய தொட்டிக்குள்ளேயே இரண்டு தேக்கரண்டி போட்டேன். எந்த அளவு, எந்தக் கணக்கு என்று கேட்காதீர்கள். வடிகட்டிக்குள் கரித்தூள் பை இருந்ததையும் எடுக்கவில்லை. தண்ணீரில் உள்ள மருந்தை உறிஞ்சி எடுப்பதுதான் அந்தக் கரியின் வேலை என்பது பிறகுதான் புத்தியில் உறைத்தது.

மூன்று நாளில் தண்ணீர் தேயிலைச் சாயத்தின் நிறத்துக்கு வந்தது. மேலே நுரை கட்டியது. மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நச்சான அமோனியாவைக் காட்டும் சோதனைக் குழாய் மஞ்சளாக இருக்கவேண்டியது, பச்சையாக மாறியது. தொப்பியனின் படலம் இன்னும் அகன்றிருந்தது. கறுப்பனும் மூலையில் ஒதுங்கி, செட்டையை உடலோடு ஒடுக்கிக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் செய்யவேண்டியதைச் செய்தேன். தெரிந்த ஒருவர் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். தொப்பியனை மூடி போட்ட வாளிக்குள் விட்டு, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு, பல்கலைக்கழகம் இருக்கும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் போனேன். அவர் கண்ணாடித் தகட்டின் விளிம்பால் படலத்தை மெல்ல வழித்து, ஒரு சொட்டுத் தண்ணீரோடு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார். சில நிமிடம் பொறுத்து, “வந்து பாரும்” என்றார். தலைமயிரைப்போல் மெல்லிய, நீளமான கோல்கள் வழுக்கி வழுக்கி நகர்ந்தன. செதிலின் விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, வைக்கோற்போர் வைத்ததுபோல் குவிந்து நின்றன. கொலம்னாரிஸ். பிளேவோபக்டீரியம் கொலம்னாரே என்பது முழுப் பெயர். தூண் தூணாகக் குவிவதால்தான் அந்தப் பெயராம். பங்கசு இல்லை, பக்டீரியா. வெக்கைத் தண்ணீரில் வேகமாகப் பரவும் வருத்தம் இது. மீனுக்கு எந்த நோய் வந்தாலும் தண்ணீரைச் சூடாக்கு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வெண்புள்ளி நோய்க்கு அது உதவும். இதற்கு அது எமனைக் கூப்பிட்டு விடுவதுபோல.

நான் கோழித் தூள் போட்ட கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பார்த்திருக்கிறீரா?” என்று மட்டும் கேட்டார்.

பார்க்காமல் என்ன? யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீர் கொதிக்க வைக்கிற எந்த வீட்டுக் கேத்திலிலும் அடியில் வெள்ளைச் சுண்ணாம்புப் படை இருக்கும். மாதம் ஒருமுறை தேசிக்காய்ப் புளி விட்டு ஊறவைத்துச் சுரண்டுவோம். குடாநாடே சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. அந்தக் கல்லுக்குள் தேங்கும் தண்ணீரைத்தான் அள்ளுகிறோம். சவர்க்காரம் நுரைக்காது என்று அம்மம்மா சலித்துக்கொண்டதும் இதனால்தான். டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கண்டால் பிடித்துக்கொண்டுவிடும். பிடித்துக்கொண்டபின் அவை மீனுக்குள் எளிதில் போகா. நான் போட்ட தூளில் பெரும்பகுதி என் கிணற்றின் சுண்ணாம்போடு சம்பந்தம் செய்துகொண்டுவிட்டது. நோயை அடக்கப் போதாத அளவு மருந்து, ஆனால் வடிகட்டியில் குடியிருந்து அமோனியாவைத் தின்னும் நல்ல பக்டீரியாக்களைக் குழப்பவும் நோய்க் கிருமிக்கு மருந்தைப் பழக்கிவிடவும் போதும். இதைவிடக் கெட்ட அளவு இருக்க முடியாது என்றார்.

இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினார். எங்கள் தண்ணீரின் பீ.எச்., அதாவது அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 8.2 அளவில் இருந்தது. அந்த நிலையில், 27 பாகை வெப்பத்தில், தண்ணீரில் உள்ள மொத்த அமோனியாவில் பத்தில் ஒரு பங்கு அளவு நச்சு வடிவத்தில் இருக்கும். பீ.எச். 7 என்றால் ஒரு வீதம்கூட இராது. ஆகவே கொழும்புப் பக்கத்துத் தண்ணீரில் ஒரு மீன் தாங்கிக்கொள்ளும் அழுக்கை இங்கே தாங்கிக்கொள்ளாது. நோய் பாதி, என் தண்ணீர் பாதி.

அடுத்த நாள் காலை கால்நடை வைத்திய அலுவலகம். எனக்கு முன்னால் வரிசையில் ஒரு பசுக்கன்றும் இரண்டு நாய்களும் ஓர் ஆடும். என் கையில் தொலைபேசிப் படம் மட்டும். “என்ன தம்பி, எங்கே மிருகம்?” என்றார் வைத்தியர். படத்தைக் காட்டினேன். விரிவுரையாளரோடு தொலைபேசியில் பேசிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “சாப்பிடுகிறதா?”

தொப்பியன் சாப்பிட்டான். கறுப்பன் சாப்பிடவில்லை. இரண்டு பேருடைய தலையெழுத்தும் அந்த இடத்தில்தான் பிரிந்தது.

சாப்பிடுகிற மீனுக்கு மருந்தை உணவில் கொடுக்கலாம். கேத்தில் சுண்ணாம்பைத் தாண்டவேண்டிய தேவையில்லை. மீன்களுக்கு உணவில் ஒக்ஸிடெட்ராசைக்ளின் கொடுக்கும் வழக்கமான அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 75 மில்லிகிராம், தொடர்ந்து 10 நாள். தொப்பியனை நிறுக்க வேண்டும். குசினித் தராசில் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, ஈரத் துணியில் ஏந்தி அவனை உள்ளே விட்டோம். 60 கிராம். அப்படியானால் நாளுக்கு 4.5 மில்லிகிராம். ஒரு கப்சூலில் இருப்பதோ 250. நுனிக் கத்தியால் தூளை 55 கூறாக்க யாரால் முடியும்? வைத்தியர் சொன்ன வழி எளிது: ஒரு கப்சூல் முழுவதையும் 55 கிராம் உணவில் கலந்துவிடும், நாளுக்கு ஒரு கிராம் உணவு கொடும், கணக்குச் சரி. பத்து நாள் முடிந்ததும் மீதியை யோசிக்காமல் கழித்துவிடும். துண்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். மருந்துக்கடையில் அந்தத் துண்டைக் கேட்டுத்தான் மருந்தைக் கொடுத்தார்கள். கேட்டது நல்லதுதான்.

உணவு செய்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் பிழை விடுகிறார்கள். சும்மா தூளைத் தூவினால் தண்ணீரில் விழுந்ததும் முக்கால்வாசி கழுவிப் போய்விடும். ஜெலற்றின் கொஞ்சத்தை வெந்நீரில் கரைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, அதில் கப்சூல் தூளைக் கலக்கினேன். தண்ணீரைக் கொதித்து ஆறியதாக, குறைவாகவே சேர்த்தேன். உருண்டை உணவின்மேல் விட்டுப் பிசறி, பெரிய தட்டில் பரப்பி, காற்றோட்டமாக நிழலில் காயவிட்டேன். வெயிலில் வைக்கக்கூடாது, வெளிச்சத்தில் இந்த மருந்து கெடும். காய்ந்ததும் மண்ணிறப் போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். அம்மா கடுகு என்று நினைத்துத் தாளித்துவிடுவா என்ற பயத்தில் சிவப்புப் பேனையால் பெரிதாக எழுதியும் ஒட்டினேன்.

தனிமைத் தொட்டிக்குக் கண்ணாடி தேவையில்லை. மீன் விற்கிறவர்கள் ஐஸ் போட்டு வைக்கிற, பாரமில்லாத வெள்ளை நுரைப் பெட்டியான றெஜிபோம் பெட்டி ஒன்றைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவிட்டு, மூன்று நாள் வெயிலில் காயப்போட்டது வீட்டில் இருந்தது. 20 லீற்றர் பிடித்தது. வெப்பம் சட்டென்று ஏறி இறங்காது, வெளிச்சமும் குறைவு. வருத்தக்கார மீனுக்கு இரண்டும் நல்லது. மணல் வேண்டாம், கல் வேண்டாம், செடி வேண்டாம். ஒளிய ஒரு துண்டு பீ.வி.சி. குழாய், காற்றுக் கல் ஒன்று, அவ்வளவுதான். பெட்டியை விறாந்தையின் சீமெந்துத் தரையில், மின்குமிழுக்குத் தள்ளி வைத்தேன். உப்பு லீற்றருக்கு 2 கிராம். 40 கிராம் ஆனையிறவுக் கல்லுப்பை வேறு பாத்திரத்தில் கரைத்து, காலை, மதியம், இரவு என்று மூன்று பங்காக விட்டேன். அயடின் உப்பு மீனைக் கொல்லும் என்ற கதையை நம்பவேண்டாம், அதில் இருக்கும் அயடின் அளவு மிகச் சிறியது.

கறுப்பன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாப்பிடாத மீனுக்குத் தண்ணீரில்தான் மருந்து. சுண்ணாம்பு குறைந்த தண்ணீர் வேண்டும். கார்த்திகை மழை பெய்துகொண்டிருந்தது. முதல் மழை ஓட்டைக் கழுவிப் போனபிறகு பீலியில் பிடித்த தண்ணீரைப் பாதிக்குப் பாதி கிணற்றுத் தண்ணீரோடு கலந்தேன். தனி மழைத் தண்ணீரில் பீ.எச். நிலைத்து நிற்காது. சேலைன் குழாயால் சொட்டுச் சொட்டாக மூன்று மணி நேரம் விட்டுப் பழக்கி, வேறு வாளியில் மருந்துக் குளிப்பு. நாலாம் நாள் விடியப்புறம் செத்துப்போனான். மருந்து தோற்றதா, நான் பிந்தியதா என்று கேட்டால், பிந்தியதுதான். படலம் செவுளுக்குள் போயிருந்தது.

தொப்பியனின் பத்து நாளுக்கும் மகள் ஒரு சீ.ஆர். கொப்பியை ஒதுக்கினாள். காலையும் மாலையும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செவுள் எத்தனை தரம் திறந்து மூடுகிறது என்று ஒரு நிமிடம் எண்ணுவாள். முதல் நாள் 112. மூன்றாம் நாள் 104. நான் படலத்தைப் பார்த்துப் பார்த்து மாற்றமில்லை என்று மனம் சோர்ந்திருந்தபோது, ஐந்தாம் நாள் மாலை கொப்பியில் 86 என்று எழுதியிருந்தாள். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எண்ணிக்கை சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் படலத்தின் மஞ்சள் விளிம்பு மங்கி, நடுவில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் தெரியத் தொடங்கியது. உண்மையில் மருந்துக்குச் செலவிட்டது நாளுக்கு இரண்டு நிமிடம். மிச்ச நேரமெல்லாம் தண்ணீருக்குத்தான். பெட்டியில் நல்ல பக்டீரியா என்று ஒன்றும் இல்லை, அமோனியாவைத் தின்ன ஆளில்லை. தினமும் அடியில் கிடக்கும் கழிவைச் சேலைன் குழாயால் உறிஞ்சி எடுத்து, அரைவாசித் தண்ணீரை மாற்றினேன். மாற்றுகிற 10 லீற்றருக்கு உரிய 20 கிராம் உப்பையும் மறக்காமல் சேர்த்தேன். பத்து நிமிடத்தில் தின்னாத உருண்டையை எடுத்துவிட்டேன். வலை, வாளி, குழாய் எல்லாம் அந்தப் பெட்டிக்கு மட்டும்.

கையுறை போட்டேன். மீன் தொட்டியிலிருந்து மனிதத் தோலுக்கு வரக்கூடிய பக்டீரியாவும் உண்டு, மைக்கோபக்டீரியம் மரினம் என்று. கீறல் உள்ள கையால் அளைந்தால் மாதக் கணக்கில் ஆறாத புண் வரும். தேங்காய் துருவிக் கை கிழித்துக்கொள்ளாத வீடு எது?

எட்டாம், ஒன்பதாம் நாள்களில்தான் அந்த மழை. உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்த வைத்த மழை. ஒழுங்கையில் முழங்கால் வெள்ளம், மின்சாரமும் போய்விட்டது. காற்றுக் கல் நின்றதும் மகள் அழத் தொடங்கினாள். எனக்கு அப்பாவின் கைவேலை நினைவுக்கு வந்தது. 90களில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் என்ற சொல்லே இல்லாதிருந்த காலம், அவர் சைக்கிள் ரியூப்பில் காற்றடித்து அதிலிருந்து தொட்டிக்குக் குமிழி விடுவார். பழைய ரியூப் ஒன்றைத் தேடி எடுத்தேன். வால்வோடு சேலைன் குழாயை இறுக்கிக் கட்டி, மறுமுனையில் காற்றுக் கல்லைப் பொருத்தினேன். சேலைன் குழாயில் சொட்டு எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கிற அந்தச் சின்னச் சில்லு இருக்கிறதே, அதை உருட்டினால் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக அளந்து விட்டதுபோல் வரும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பம்ப் அடிக்கவேண்டும். இரவு முழுவதும் நானும் மனைவியும் மாறி மாறி அடித்தோம். “பிள்ளை பிறந்தபோதுகூட இப்படி முழித்திருக்கவில்லை” என்றாள் அவள். அது பொய் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

வெள்ளம் வடிந்தபின் இன்னொரு கண்டம். தண்ணீர் மாற்ற வாளியில் அள்ளி வைத்தேன். மகள் மூக்கைச் சுளித்து, “நீச்சல் தடாக மணம் வருகிறது அப்பா” என்றாள். மதிலுக்கு மேலால் கேட்டேன். “ஓம் தம்பி, நேற்று சுகாதாரப் பரிசோதகர்கள் வந்து எல்லாக் கிணற்றுக்கும் குளோரின் போட்டார்கள், நீர் வேலைக்குப் போயிருந்தீர்” என்றார் கோழி அண்ணை. அந்தத் தண்ணீர் பெட்டிக்குள் போயிருந்தால் பத்து நாள் பாடும் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். மழை காலத்தில் எங்கள் ஊரில் கிணற்றை நம்பி நேரே ஊற்றக்கூடாது. ஒரு நாள் முன்னதாக அள்ளி, காற்றுக் கல் போட்டு வைக்கவேண்டும், அல்லது கடையில் விற்கும் குளோரின் நீக்கித் துளிகளை விடவேண்டும். நாங்கள் இரண்டையும் செய்தோம்.

கழித்த தண்ணீரை எங்கே ஊற்றுவது என்பது எனக்குக் கடைசிவரை உறுத்தியது. எங்கள் வீடுகளில் கழிவுத் தண்ணீர் போவது கிணற்றடி வாழைக்கு. கீழே சுண்ணாம்புக் கல், ஓட்டையும் வெடிப்புமாக. மேலே ஊற்றுவது கிணற்றுக்குள் போக அதிக காலம் எடுக்காது. தோட்டங்களுக்குப் போட்ட உரமும் மலக்குழிக் கசிவும் நைத்திரேற்றாகக் குடிதண்ணீருக்குள் வந்து சேர்ந்த கதை நமக்குத் தெரியும். அதில் நான் அன்டிபயோட்டிக்கையும் சேர்க்கவா? விரிவுரையாளரிடம் கேட்டு, மருந்துத் தண்ணீரை அகலமான பேசினில் ஊற்றி மொட்டைமாடியில் வெளிச்சத்தில் சில நாள் விட்டேன். மழை வந்தால் தகரத்தால் மூடினேன். பிறகு கிணற்றிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் குரோட்டன் செடிகளுக்கு ஊற்றினேன். முழுத் தீர்வு இல்லை, ஆனால் வாழையடியைவிட மேல். மிஞ்சிய மருந்து உணவையும் கோழி அண்ணையின் கோழிகள் கிளறாத ஆழத்தில் புதைத்தேன்.

பத்தாம் நாளோடு மருந்து நின்றது. ஆறாம் நாளே தேறிவிட்டான் என்று நிறுத்த மனம் வந்தது, நிறுத்தவில்லை. பதினோராம் நாள் கொப்பியில் 70. பெரிய தொட்டியை வெறுமையாக்கி, பிளீச்சிங் போட்டுக் கழுவிக் காயவிட்டு, நண்பர் ஒருவரின் நோயில்லாத தொட்டியிலிருந்து நல்ல பக்டீரியா குடியேறிய வடிகட்டிப் பஞ்சு வாங்கி வடிகட்டியைப் புதிதாகப் பழக்கினேன். அமோனியாக் குழாய் மீண்டும் மஞ்சளாகவே நிற்கத் தொடங்கும்வரை தொப்பியன் விறாந்தையில்தான். பொங்கலன்று காலை, முற்றத்தில் பானை பொங்கிய கையோடு, மகள் அவனைப் பெரிய தொட்டிக்கு மாற்றினாள். சேணம் இருந்த இடத்தில் செதில்கள் திரும்ப வந்திருக்கின்றன, பொன்னிறம் மட்டும் வரவில்லை.

போன கிழமை இரண்டு மொலி மீன் வாங்கினோம். சுண்ணாம்புத் தண்ணீரை விரும்பும் மீன், எங்கள் கிணற்றுக்கு ஏற்றது. கடையில் முக்கால் மணி நேரம் நின்றோம். மகள் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்திருந்தாள். வாய், செட்டை, செவுள், முதுகு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எட்டு மீனைத் தள்ளினாள். “பெண் பார்க்க வந்த ஆட்கள்கூட இவ்வளவு பார்க்கமாட்டார்கள் அண்ணை” என்றார் கடைக்காரத் தம்பி. இரண்டும் இப்போது றெஜிபோம் பெட்டியில் இருக்கின்றன. நாலு கிழமை என்று கொப்பியின் புதுப் பக்கத்தில் தலைப்புப் போட்டிருக்கிறாள். இன்று ஒன்பதாம் நாள்.